8 ட்ராக்கில் ஒரு பாட்டு அடங்குமா?

ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைப் பாடுகின்றன. ஆடியோ இன்டர்ஃபேஸோடு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) இலவசமாக வந்த ஒலிப்பதிவு மென்பொருள், இல்லாவிட்டால் விலை குறைந்த பதிப்பு. முதல் சில நாள் குதூகலம். பிறகு ஒருநாள் பாட்டு பாதியில் இருக்கும்போது, “இந்த வசதி உங்கள் பதிப்பில் இல்லை” என்று திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த இதழ் முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். கையில் இருப்பது ஏபிள்டன் லைவ் லைட். 8 ட்ராக்தான் (ஒரு குரலோ வாத்தியமோ தனியாகப் பதியும் வரிசை) அனுமதி. கீபோர்டு, கிதார், பேஸ், தாளம், முதன்மைக் குரல் என்று ஐந்து போய்விட்டது. கோரஸுக்கு நானே ஆறு குரல் பாட வேண்டும். மேல் பதிப்பு வாங்குவதைத் தவிர வழி இல்லையா?

இருக்கிறது, அதுவும் பழைய வழி. 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக். மூன்றில் பதிந்துகொண்டு, அவற்றைக் கலந்து நான்காவதில் இறக்கி, அந்த மூன்றையும் அழித்துவிட்டு மேற்கொண்டு பதிவார்கள். ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் கூடும். கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாது. உங்களுக்கு இரைச்சலும் கூடாது, பழையதும் அழியாது. ஆகவே அவர்களைவிட நீங்கள் வசதியானவர்.

செய்ய வேண்டியது இது. முதலில் பாட்டின் வேகத்தை முடிவு செய்துவிடுங்கள், இனி மாறக் கூடாது. நான்கு வாத்தியங்களையும் சேர்த்து ஒரே ஸ்டீரியோ கோப்பாக, முதல் பாரின் (தாளத்தின் முதல் சுற்று) தொடக்கத்திலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேவ் வடிவத்தில் மட்டும். எம்பி3 ஆக்கினால் கோப்பின் தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொண்டு எல்லாம் இம்மியளவு தள்ளிப்போகும். கோரஸில் அந்த இம்மி நன்றாகவே கேட்கும். அடுத்து, அதே வேகத்தில் புதிய ப்ராஜெக்ட் ஒன்று திறந்து, அந்த வாத்தியக் கோப்பை ஒரு ட்ராக்கில் போடுங்கள். முதன்மைக் குரலுக்கு இன்னொன்று. மிச்சம் சரியாக ஆறு. நிம்மதியாகப் பாடுங்கள்.

பாடி முடித்ததும் வாத்தியத்தையும் முதன்மைக் குரலையும் ஊமையாக்கிவிட்டு, கோரஸ் ஆறையும் மட்டும் சமன்படுத்துங்கள். மூன்று இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற எஃபெக்ட்) போடாதீர்கள், அதைப் பிறகு மொத்தப் பாட்டோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியேறும் இடம்) ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் லிமிட்டரோ கம்ப்ரஸரோ இருந்தால் எடுத்துவிடுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில் நின்றால் போதும். இதையும் முதல் பாரிலிருந்து 24 பிட் வேவாக எடுத்து, பழைய ப்ராஜெக்டில் முதல் பாரில் கொண்டுபோய் வையுங்கள். ஐந்தும் ஒன்றும் ஆறு. இன்னும் இரண்டு ட்ராக் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. கோரஸில் ஒரு குரல் தூக்கலாகத் தெரிந்தால், கோரஸ் ப்ராஜெக்டைத் திறந்து அதைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் ஆயிற்று. அந்தப் ப்ராஜெக்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கோரஸ் என்றதும் இன்னொன்று. “ஸ்”, “ட்” என்று முடிகிற சொற்களில் ஆறு குரலும் அந்த ஒலியை உச்சரித்தால் ஆலங்கட்டி மழை மாதிரி சடசடக்கும். ஒரே ஒரு குரலில் மட்டும் அந்தக் கடைசி ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற ஐந்திலும் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். எந்த விலை உயர்ந்த பதிப்பிலும் இந்த வேலையைச் செய்யும் பொத்தான் கிடையாது.

ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவும் 8 ட்ராக் என்கிறார்கள், லைவ் லைட்டும் 8 என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. லைவ் லைட்டில் ஆடியோ, மிடி (ஒலியாக அல்லாமல் வாசித்த ஸ்வரங்களின் குறிப்பாகப் பதிவது) எல்லாம் சேர்த்து 8. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவில் ஆடியோவுக்கு 8, இன்ஸ்ட்ருமென்ட் ட்ராக்குக்கு 8, மிடிக்கு 8 என்று தனித்தனிக் கணக்கு. கீபோர்டில் வாசித்தே பாட்டு கட்டுபவருக்கு இரண்டாவது தாராளம். மைக் முன்னால் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கும்போது, எதையெல்லாம் சேர்த்து அந்த எண் என்று பாருங்கள்.

முழுப் பதிப்பு வாங்கினால் ஒலி துல்லியமாகும், கனமாகும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே ஆறு வேவ் கோப்புகளைச் சின்னப் பதிப்பிலும் பெரிய பதிப்பிலும் போட்டு, எந்த எஃபெக்ட்டும் இல்லாமல், ஒலி அளவுகளைத் தொடாமல், எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். கிடைக்கும் இரண்டு கோப்புகளையும் ஒரு ப்ராஜெக்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் துருவத்தை மட்டும் புரட்டிப் போட்டால் (ஒலி அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்), இரண்டும் ஒன்றையொன்று தின்று மௌனம்தான் மிஞ்சும். ஒரே நிறுவனத்தின் சின்னப் பதிப்பும் பெரிய பதிப்பும் உள்ளே கூட்டிக் கழிப்பது ஒரே கணக்கைத்தான். உங்கள் குரலை அவர்கள் மட்டமாகப் பதிந்து வைப்பதில்லை. பதிந்த பிறகு நீங்கள் என்னவெல்லாம் செய்யலாம் என்பதில்தான் கை வைக்கிறார்கள்.

வேறுவேறு நிறுவனங்களின் மென்பொருள்களை ஒப்பிடும்போது வித்தியாசம் கேட்பது உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் ‘பேன் லா’ என்ற ஒரு அமைப்பு. நடுவில் வைத்த ஒலியைச் சில மென்பொருள்கள் 3 டெசிபெல் குறைத்துக் கொடுக்கும், சில குறைக்காது. குறைக்காதது கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். சத்தமாகக் கேட்பதைக் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். மென்பொருள் விற்பவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

எஃப்எல் ஸ்டுடியோவின் ஃப்ரூட்டி பதிப்பு வாங்கலாம் என்று இருக்கிறேன். தாளம் அமைப்பேன், மேலே நானே பாடுவேன். போதுமா?

தாளம் மட்டும் என்றால் போதும். பாடுவேன் என்றீர்களே, அதனால் போதாது. ஃப்ரூட்டி பதிப்பில் மைக்கிலிருந்து குரலைப் பதிந்து ப்ளேலிஸ்ட்டில் (பாட்டை அடுக்கும் திரை) வைக்கும் வசதி கிடையாது. அதற்கு அடுத்த படியான ப்ரொட்யூசர் பதிப்பிலிருந்துதான் அது வருகிறது. மறைத்து வைத்த செய்தி அல்ல, பதிப்புகளை ஒப்பிடும் அட்டவணையில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அட்டவணையில் நாற்பது வரிகளுக்கு ‘டிக்’ அடித்திருந்தால், இல்லாத ஒரு வரி கண்ணில் படாது. இப்படிப்பட்ட அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். உங்கள் பாட்டுக்கு வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவற்றை மட்டும் அட்டவணையில் தேடுங்கள்.

அதே மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் எல்லா வசதியும் இருக்கிறது, சேமிக்கவும் முடியும். மூடிய ப்ராஜெக்டை மறுபடி திறப்பதுதான் நடக்காது. உரிமம் வாங்கிய பிறகே திறக்கும். ஆகவே சோதனை செய்கிற நாட்களில், மூடுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி வேவாக எடுத்துவைத்துவிடுங்கள்.

சுருதி திருத்தும் ப்ளக்-இன் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்) ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். நிறுவியும்விட்டேன். என் மென்பொருளில் அது எட்டியே பார்க்கவில்லை. மென்பொருளின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இலவசப் பதிப்பு என்பதாலா?

இலவசம் என்பதால் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். நீங்கள் பெயரைச் சொல்லாததால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ப்ளக்-இன்களுக்கு மூன்று பெரிய வடிவங்கள் இருக்கின்றன. விஎஸ்டி என்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கும். ஆடியோ யூனிட் ஆப்பிள் கணினிகளுக்கானது. ஆப்பிளின் இலவச மென்பொருளான கேரேஜ்பேண்ட் இதை மட்டும்தான் ஏற்கும். ஏஏஎக்ஸ் என்பது ப்ரோ டூல்ஸுக்கானது. ப்ரோ டூல்ஸ் விஎஸ்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதன் மிக உயர்ந்த பதிப்பானாலும் சரி. நிறுவும்போது எந்த வடிவங்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டியிருப்பார்கள். அவசரத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். மறுபடி நிறுவி, அந்தப் பட்டியலில் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? அப்போது பதிப்பைச் சந்தேகப்படலாம். வெளியார் ப்ளக்-இன்களை இலவசப் பதிப்பில் அறவே அனுமதிக்காத நிறுவனங்கள் இருந்திருக்கின்றன. ஸ்டுடியோ ஒன் மென்பொருளின் ப்ரைம் என்ற இலவசப் பதிப்பு அப்படித்தான் இருந்தது. அதற்கு மேலே இருந்த ஆர்ட்டிஸ்ட் பதிப்பிலும், 2020இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, அந்த அனுமதியைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ட்ராக் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட எனக்கு இது அதிகமாக எரிச்சலூட்டும். எண்ணிக்கையை மேலே சொன்னதுபோல் சாமர்த்தியமாகச் சமாளிக்கலாம். பூட்டிய கதவுக்கு எந்தச் சாமர்த்தியமும் உதவாது.

சுருதி திருத்தும் மென்பொருளான மெலடைனின் சின்னப் பதிப்பு, எசென்ஷியல், வைத்திருக்கிறேன். ஒரு ஸ்வரத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் தொடக்கம் சரியாகிறது, முடிவு இன்னும் இறங்கித்தான் கேட்கிறது. என்ன பிழை?

பிழை உங்களுடையது அல்ல. எசென்ஷியலில் ஒரு ஸ்வரத்தின் மையத்தை நகர்த்தலாம், நேரத்தையும் நீளத்தையும் மாற்றலாம். ஸ்வரத்துக்குள்ளேயே குரல் வழுக்கி இறங்குவதை நிமிர்த்தும் கருவியும், அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் மேல் பதிப்புகளில்தான் இருக்கின்றன. இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. வழுக்கத் தொடங்குகிற இடத்தில் அந்த ஸ்வரத்தை இரண்டாக வெட்டி, பின்பாதியை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். துண்டு துண்டாக வெட்டாதீர்கள், ஒரே வெட்டு போதும். அதிலும் சரியாக வரவில்லையென்றால் அந்த வரியை மறுபடி பாடுங்கள். பத்து நிமிஷ வேலை. மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைத் தொலைப்பதைவிட அது மேல்.

நான் பாடும்போது ஹெட்போனில் என் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது. முழுப் பதிப்புக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. இது பதிப்பின் விஷயமே அல்ல. அமைப்புகளில் ‘பஃபர்’ என்று ஓர் எண் இருக்கும்; கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் என்பதன் அளவு அது. அது 1024 என்றிருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு மட்டும் சுமார் 23 மில்லிவினாடி. போய் வர அதைப்போல் இரு மடங்கு, அதற்கு மேல் இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்வது வேறு. 128க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிவினாடிகூட ஆகாது. பாடும்போது 128இல் வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸிங் (பதிந்த ட்ராக்குகளைக் கலப்பது) செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், கணினி திணறாது. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் தயாரித்தவரின் ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்டர்ஃபேஸிலேயே ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருந்தால் இன்னும் சுலபம். குரல் கணினிக்குள் போகாமலேயே உங்கள் காதுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும்.

ஆனால் தாமதத்தை வைத்தே பதிப்புகளைப் பிரித்த காலமும் உண்டு. சில ப்ளக்-இன்கள் ஒலியைக் கொஞ்சம் தாமதமாக வெளியே விடும். அந்த அளவுக்கு மற்ற ட்ராக்குகளையும் தானாகவே பிந்தவைத்துச் சரிசெய்யும் வசதி, ப்ரோ டூல்ஸின் மலிவுப் பதிப்பான எல்ஈயில் இல்லை. ட்ராக்கை ட்ராக்காக, மில்லிவினாடி எண்ணி, கையால் நகர்த்துவார்கள். போதாக்குறைக்கு அந்த நிறுவனத்தின் இன்டர்ஃபேஸை மாட்டினால்தான் மென்பொருளே திறக்கும். 2010இல் ஒன்பதாம் பதிப்போடு இரண்டும் ஒழிந்தன. இன்றைக்குப் பெரும்பாலான சின்னப் பதிப்புகளில் அந்தச் சரிக்கட்டல் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

டிரம்ஸுக்கு நான்கு மைக் வைத்து ஒரே நேரத்தில் பதிய ஆசை. இலவசப் பதிப்பு விடுமா?

பெரும்பாலும் விடும். விடாதது உங்கள் இன்டர்ஃபேஸாக இருக்கும். முன்னும் பின்னும் பார்த்து மைக் துளைகளை எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் எந்த மென்பொருளும் நான்கு ஆக்காது. இரண்டு மைக்கிலேயே பதியுங்கள்: ஒன்று தலைக்கு மேலே, ஒன்று கிக் டிரம்முக்கு. அறை ஒலி நன்றாக இருந்தால் அதுவே போதும்.

பூட்டு உடைத்த முழுப் பதிப்பு கிடைக்கிறது. எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தப்பா?

தப்புதான். தப்பு என்பதோடு தேவையும் இல்லை. ரீப்பர் மென்பொருளை இறக்கிப் பாருங்கள். 60 நாள் சோதனை, ட்ராக் வரம்பு இல்லை, வசதிக் குறைப்பு இல்லை. பிறகும் தனிநபர்களுக்கு ஒரு சலுகை உரிமம் வைத்திருக்கிறார்கள். அதில் கிடைப்பதும் அதே முழு மென்பொருள்தான். ட்ராக்ஷன் நிறுவனத்தின் வேவ்ஃபார்ம் ஃப்ரீயும் ட்ராக்குக்கு வரம்பு வைப்பதில்லை, வெளியார் ப்ளக்-இன்களையும் தடுப்பதில்லை. பூட்டு உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்து அனுப்பினான் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் பாட்டெல்லாம் இருப்பதும் அதே கணினியில்தானே?

கேரேஜ்பேண்டில் பாட்டு முடித்துவிட்டேன். மிக்ஸிங் செய்பவர் “எல்லா ட்ராக்கையும் தனித்தனியாக, 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்புங்கள்” என்கிறார். அதற்கு வழியே தெரியவில்லை.

வழி இல்லாததால்தான் தெரியவில்லை. கேரேஜ்பேண்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில் மட்டும்தான் வேலை செய்யும். எல்லா ட்ராக்கையும் ஒரே கட்டளையில் தனித்தனிக் கோப்புகளாக எடுக்கும் வசதியும் அதில் இல்லை. மிடியையும் நேரடியாக வெளியே தராது.

ஆகவே கையால் செய்ய வேண்டியதுதான். சைக்கிள் பகுதியை (திரையின் மேலே, திரும்பத் திரும்ப ஒலிக்கும் இடத்தைக் குறிக்கும் பட்டை) பாட்டின் முதல் பாரிலிருந்து கடைசி ரிவெர்ப் அடங்கும்வரை இழுத்துப் போடுங்கள். அந்த நீளத்தை இனி தொடாதீர்கள். ஒரு ட்ராக்கைத் தனித்து ஒலிக்கவிட்டு, சைக்கிள் பகுதியை மட்டும் 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அடுத்த ட்ராக். அதற்கடுத்தது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘ஆடியோ 7 புதியது கடைசி’ என்றெல்லாம் வைக்காமல், ‘கிதார் இடம்’, ‘கோரஸ் மேல்’ என்று வையுங்கள். என் மேஜைக்கு வரும் கோப்புறைகளில் பாதியைத் திறந்து கேட்ட பிறகுதான் உள்ளே இருப்பது குரலா, மேளமா என்றே தெரிகிறது. எல்லாக் கோப்பும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாட்டின் வேகத்தையும் எழுதி, முழுப் பாட்டின் மாதிரி மிக்ஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

48 பற்றி அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மாற்றுவது அவருக்கு ஒரு நிமிஷ வேலை, தரமும் கெடாது. நீங்களாக எங்கேயாவது மாற்றப் போய், பாட்டு ஒன்றரை அரைஸ்வரம் (செமிடோன்) ஏறிய கோப்பு ஒன்றை அனுப்பிவைக்காதீர்கள். அவரிடம் ஆப்பிளின் பெரிய மென்பொருளான லாஜிக் ப்ரோ இருந்தால் இவ்வளவும் வேண்டாம். கேரேஜ்பேண்ட் ப்ராஜெக்டை அது அப்படியே திறக்கும். முதலில் அதைக் கேளுங்கள்.

எந்தச் சின்னப் பதிப்பாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

இரண்டு ட்ராக்கில் ஒரு நிமிஷம் ஏதாவது பாடிப் பதிவேன். சேமித்து, மூடி, கணினியை அணைப்பேன். மறுநாள் திறந்து, இரண்டு ட்ராக்கையும் தனித்தனி 24 பிட் வேவாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பேன். உள்ளே எத்தனை வசதி குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். என் பாட்டை வெளியே எடுத்துப் போக விடாத மென்பொருளை, சும்மா கொடுத்தாலும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

மேல் பதிப்புக்கு இப்போது தள்ளுபடி ஓடுகிறது, நாளை மறுநாள் முடிகிறதாம். வாங்கிவிடட்டுமா?

தள்ளுபடி மறுபடி வரும், எப்போதும் வருகிறது. கடைசியாக முடித்த பாட்டில் எந்த இடத்தில் மென்பொருள் உங்களை நிறுத்தியது என்று யோசியுங்கள். சட்டென்று ஒரு வசதியின் பெயர் வாயில் வந்தால், அதற்குச் சுற்றுவழியும் இல்லையென்றால், வாங்குங்கள். “எதற்கும் இருக்கட்டும்” என்றுதான் தோன்றுகிறதென்றால் அந்தக் காசுக்கு நல்ல மைக் ஸ்டாண்டும் ஹெட்போனும் வாங்கலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால் புது ஆளாகப் போய் முழு விலை கொடுக்காதீர்கள். இன்டர்ஃபேஸோடு வந்த இலவசப் பதிப்பின் வரிசை எண்ணை உங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டு, அந்தக் கணக்கில் நுழைந்து விலையைப் பாருங்கள். இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கென்று பல நிறுவனங்கள் தனி விலை காட்டுகின்றன. அந்த எண் அச்சிட்ட அட்டை, இன்டர்ஃபேஸ் வந்த பெட்டியின் அடியில் இருக்கும்.